பொங்கல் படத்தில் என் கை

நேற்றுப் பொங்கலன்று பிற்பகல் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை உடைத்தேன். கை தவறி உடையவில்லை. பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பைத் தண்ணீரோடு தூக்கி எறிந்தேன். எழுபத்தாறு வயதிலும் குறி தப்பவில்லை. திரை நடுவில் நொறுங்கிக் கறுப்புக் கோடுகள் நாலாபுறமும் ஓடின. ஒரு மூலையில் மட்டும் படம் சிறிது நேரம் உயிரோடு இருந்தது. அந்த மூலையில் உன் முகம்.

கூடத்தில் என் மருமகளும், பண்டிகைக்கு வந்திருந்த அவள் தங்கைகள் இருவரும் இருந்தார்கள். படம் தொடங்கும் முன் தலை நிறைய மல்லிகை வைத்த ஒரு பெண் வந்து, இந்தப் படத்தில் எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன என்று கண் கலங்கச் சொன்னாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். கன்னத்தில் அறை விழும் காட்சி வந்ததும் தங்கைகளில் இளையவள் விரலை ஆட்டிக்கொண்டு வசனத்தைப் படத்தோடு சேர்ந்து சொன்னாள்: "எடத்தைப் பாத்து நில்லுடி!" மூவரும் சிரித்தார்கள். அதைப் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்றாள் மருமகள். வேறு என்ன கேட்பாள், பாவம்.

அவள் கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதே உன் மகள் பத்மாவின் போன் வந்தது. அந்தப் படம் வருகிற பொங்கலுக்கெல்லாம் செய்வாள். "பெரிம்மா, பாத்துக்கினு இருக்கீங்களா? அம்மா வந்துட்டாங்க!" நீ போன பிறகு வந்த முதல் பொங்கல் இது. அசைகிற உன் முகம் அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. அவளிடம் இருப்பவை எல்லாம் நீ விறைத்து நிற்கும் புகைப்படங்கள்.

இந்த முறை இன்னொன்றும் கேட்டாள். "அம்மாவை அடிக்கிறாங்களே, அந்த ஆக்ட்ரஸ் யாரு பெரிம்மா? திட்றப்ப வர்ற முகம் வேற ஆளு, அடிக்கிற கை வேற ஆளு. கை மட்டும்தான் தெரியுது. உங்க வீட்ல எடுத்த படம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உயிரோட இருந்தாங்கன்னா ஒரு தடவ போய்ப் பாக்கணும். அம்மாகூட நடிச்சவங்க."

நாளைக்கு வா, சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

இன்று வந்து போனாள். அதைச் சொல்வதற்கு முன், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இருந்தவரை என் வாயால் ஒரு முறைகூட நீ அதைக் கேட்டதில்லை.

கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான்கு வருடமும் நான்தான் மாதா. பக்தி காரணமில்லை, நிறம் காரணம். பட்டுக் கடை வீட்டுப் பெண், சிவப்பு, உச்சரிப்பு சுத்தம். நீ நான்கு வருடமும், குழந்தை யேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா. "உனக்குக் கரி பூச வேண்டாம், எவ்வளவு நேரம் மிச்சம்!" என்று சிஸ்டர் உன் கன்னத்தைத் தட்டினார். பாராட்டுகிறோம் என்றே நினைத்திருப்பார். மறுநாள் ஒரு பெண் உன்னைக் 'கரிச்சட்டி ராஜா' என்று பாடிக்கொண்டு பின்னால் வந்தாள். மர ஸ்கேலின் விளிம்பால் அவள் விரல் முட்டிகளில் அடித்தேன். தோல் உரிந்து ரத்தம் வரும்வரை அடித்தேன். அதற்காக சிஸ்டர் என்னை அதே ஸ்கேலால் அடித்தார்.

நீ நன்றி சொல்லவில்லை. "என் சண்டைய நீ ஏன்டி போடற? எனக்குக் கை இல்லையா?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தென்னேரி ஏரிக்கு அப்பால் ஜினாலயத்தை ஒட்டியிருந்த, தமிழ்ச் சமணரான நயினார் வீட்டுப் பெண் நீ. சிற்றுயிர் செத்துவிடும் என்று தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பாய். எறும்பு வரிசை போனால் தாண்டாமல் சுற்றிப் போவாய். உனக்கு அடிக்கிற கை உண்டு என்று நான் நம்பவில்லை.

அந்த நாட்களில் தொடங்கியதுதான் நம் பண்டிகைப் படப் பழக்கம். எப்போதும் பகல் காட்சிதான். விளக்கு வைத்த பிறகு நீ சாப்பிட மாட்டாய். அதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். எல்லோரும் அழுதுகொண்டு படம் பார்ப்பார்கள். நாம் முறுக்கைக் கடித்துக்கொண்டு அதில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்போம். அது உன் விளையாட்டு.

"பாய் வந்தாச்சு பாரு. பிரியாணி குடுத்துட்டாரு. இன்னும் அரை மணி நேரத்துல ஹீரோவுக்காகச் செத்துடுவாரு." பாய் செத்துவிடுவார். "கவுன் போட்ட டைப்பிஸ்ட் வந்துட்டா. அவ பேரு ஸ்டெல்லான்னு பத்து பைசா பந்தயம்." ஸ்டெல்லாதான். ஒருமுறை தலைப்பாகை கட்டிய வட்டிக் கடைக்காரர் 'நம்பள் நிம்பள்' என்று பேசிக்கொண்டு வந்தபோது நீ என் தொடையில் குத்தினாய். "அவரு ஜைனராம்டி. எங்க ஆளாம். எங்கப்பா மல்லாட்டை போடறவரு, ஹிந்தியில ஒரு வார்த்தை தெரியாது!" வேர்க்கடலை வாசனையோடு ஊரிலிருந்து வரும் உன் அப்பாவை நினைத்து இருவரும் சிரித்தோம். என்னையும் நீ விட்டதில்லை. கதாநாயகி தறியில் உட்கார்ந்து பாட்டுப் பாடினால், "தறி இருக்குது, நெய்யறவன் எங்கடி? உங்க தெருவையே காணோமே. காஞ்சிபுரத்துல யாரு 'ஏனுங்க'ன்னு பேசறா?" என்பாய்.

அறைகளையும் நீதான் முதலில் கவனித்தாய். பண்டிகைப் படமென்றால் மூன்று அறை கட்டாயம். அப்பா மகனை, கணவன் மனைவியை, மூத்தவள் தவறு செய்த பெண்ணை. ஒவ்வோர் அறைக்கும் அரங்கம் கைதட்டும். அறை வாங்கியவர்கள் காலில் விழுவார்கள், குடும்பம் ஒன்று சேரும், பொங்கல் பொங்கும். "கன்னத்துல கோந்து வெச்சிருக்காங்க போல. அறைஞ்சாத்தான் ஒட்டுது" என்றாய்.

உன் கணவர் கிணற்றில் வைத்த வெடியில் இறந்தார். பாறை வெடிக்கவில்லை என்று இறங்கிப் பார்த்த நேரத்தில் வெடித்தது. அவரைச் சாக்கில்தான் எடுத்தார்கள். உனக்கு முப்பத்திரண்டு வயது, பத்மாவுக்கு இரண்டு. நகரத்துக்கு வந்து, வாடகை வீட்டில் ஆங்கில டியூஷன் எடுத்து அவளை வளர்த்தாய். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டும் பகல் காட்சிக்கு வந்தாய். ஆனால் விளையாட்டு மாறிவிட்டது. நீ ஒருத்தியை மட்டுமே தேடினாய். எல்லோரும் புத்தாடையில் சிரிக்கும் கடைசிக் காட்சியில், தூணுக்குப் பின்னால் பாதி முகத்தோடு புன்னகைக்கும் வெள்ளைச் சேலைக்காரியை.

"அதோ நானு," என்பாய். "ஒரே ஒரு பொங்கல் படத்துல தூணுக்கு முன்னாடி நிக்கணும்டி. கலர் புடவை கட்டிக்கினு."

நமக்கு நாற்பது வயது இருக்கும்போது எங்கள் வீட்டை நான்கு நாளைக்குப் படப்பிடிப்புக்குக் கேட்டார்கள். கூடத்தில் தறிகள், முற்றம், வரிசையாகத் தூண்கள்; அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. பட்டு நெசவுக் குடும்பத்தின் கதையாம், அடுத்த பொங்கலுக்கு வருமாம். நிஜமான ஆட்களே வேண்டும் என்றார் இயக்குநர். என் கணவரைப் பார்த்ததும் பெரிய வீட்டுத் தலைவர் கிடைத்துவிட்டார் என்று நாற்காலியில் உட்கார வைத்தார். பக்கத்தில் மனைவியாக நிற்க ஒரு பெண் வேண்டும். என் கல்யாணப் புடவை, அரக்கு நிறத்தில் முழுச் சரிகை, அதைத் தரும்படி கேட்டார்கள். நானே பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பு நீவிக் கொடுத்தேன். யார் நிற்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டின் எஜமானி நான். என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று சமையலறையில் முகம் கழுவிக்கொண்டு காத்திருந்தேன்.

இயக்குநரின் குரல் உள்ளே கேட்டது. "அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? வேணாம்பா. டீச்சர் மாதிரி இருக்காங்க. நெசவாளர் வீட்டுப் பொம்பளைன்னா யாரும் நம்ப மாட்டான். அதோ, வேடிக்கை பாக்க வந்தாங்களே, அவங்க முகம்தான் காஞ்சிபுரம்."

மூன்று தலைமுறையாகத் தறி ஓடும் வீட்டில் பிறந்து, தறி ஓடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். நயினார் வீட்டு விவசாயி மகள் நீ. சிரிக்க வேண்டிய விஷயம். நீயாக இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

கூடத்துக்கு வந்தேன். என் புடவையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு, குங்குமத்தோடு, கழுத்தில் படத்துக்காகக் கட்டிய மஞ்சள் கயிற்றோடு, கையில் ஆரத்தித் தட்டோடு என் கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாய். கண்ணாலேயே தூணைக் காட்டினாய். தூண் உனக்குப் பின்னால் இருந்தது.

அடித்தேன். என் கை அத்தனை வேகமாக எப்போதும் போனதில்லை. தட்டு பறந்து ஒரு தறியின் பாவு நூல்மேல் விழுந்தது. என் கண்ணாடி வளையல் உடைந்து உன் உதட்டில் ஏறியது. நிறுத்தவில்லை. பூவைப் பிடித்து இழுத்தேன், முடியும் சேர்ந்து வந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், அறுபடும்முன் அது உன் பிடரியைக் கிழித்தது. "தாலியறுத்தவ! என் புருஷன் பக்கத்துல நிக்கறியா? எடத்தைப் பாத்து நில்லுடி! தூணுக்குப் பின்னாடி நில்லு!"

உன்னுடைய சொல். நீ எனக்கு மட்டும் சொன்ன ஆசை. அதை எடுத்து உன்னையே அடித்தேன்.

புடவையில் ரத்தம் சொட்டியது. அரக்கு நிறத்தில் தெரியவில்லை. என் கணவர் நாற்காலியை விட்டு எழவில்லை. யாரோ கைதட்டினார்கள், நடிப்பு என்று நினைத்து. இயக்குநர் மெதுவாக, "ஓகே" என்றார்.

மாங்கல்யத்துக்குப் பயந்து அடித்தேன் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். கைம்பெண் தாலியோடு பக்கத்தில் நின்றால் அவருக்கு ஆகாது என்று. பெண்கள் தலையாட்டினார்கள். உனக்கு உதட்டில் மூன்று தையல். பத்மா பள்ளியிலிருந்து வந்து கேட்டபோது, நடிக்கும்போது வளையல் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறாய்.

பிறகு நாம் பேசவில்லை. பொங்கலன்று காலையில் ஒரு டியூஷன் பிள்ளையிடம் சீட்டு அனுப்பினாய். பகல் காட்சிக்கு வா, இடம் பிடித்து வைக்கிறேன். உன் எழுத்தில் நடுக்கமில்லை. ஏன் வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அந்தக் காட்சி வந்தது. என் முகம் வேண்டாம் என்றவர்கள் என் கையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை திரைக்குள் நுழைகிறது, உன் முகம் திரும்புகிறது, அடுத்து நடிகை ஒருத்தியின் கோபமான முகம். என் வார்த்தைகளை அவள் வாயில் போட்டிருந்தார்கள். கதையையே மாற்றிவிட்டார்கள்: நீ மனைவி இல்லை, ஆசைப்பட்டுப் பூ வைத்துக்கொண்ட விதவைத் தங்கை. அரங்கம் எழுந்து விசிலடித்தது. பின்வரிசையில் ஒரு பெண், "நல்லா வேணும் அவளுக்கு" என்றாள். திரையில் உன் உதடு ரத்தத்தோடு நடுங்கியது, அதன்மேல் யாரோ ஒருத்தியின் மெல்லிய குரல் ஒட்டியிருந்தது: "என்னை மன்னிச்சிடுங்க அக்கா, இனிமே என் எடத்துலயே இருக்கேன்."

நீ அன்று வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தக் குரல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் வலக்கையை உன் மடிக்கு இழுத்தாய். தடவப் போகிறாய் என்று நினைத்தேன். ஆள்காட்டி விரலைத் தனியே பிரித்தாய், பின்பக்கமாக மடக்கினாய். அவசரப்படவில்லை. முறுக்கு உடைவது போல ஒரு சத்தம், கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நான் கத்தவில்லை. பொது இடத்தில் குரல் உயர்த்தக் கூடாது என்று நம் இருவருக்கும் ஒரே சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார்.

திரையைப் பார்த்தபடியே சொன்னாய். "மாங்கல்யமாவது மண்ணாவது. உன்னைக் கூப்பிடலன்னுதானே அடிச்ச?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"இனிமே இந்தக் கை தட்டையா விரியாது," என்றாய்.

எலும்பு கட்டுகிறவரிடம் நீதான் கூட்டிக்கொண்டு போனாய். "எப்படிம்மா ஆச்சு?" என்றார். "கதவுல மாட்டிக்கிச்சு" என்றாய். விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. அன்று நீ சாப்பிடவில்லை. அடுத்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை. ஓர் உயிரை நோகடித்ததற்கு உபவாசம் என்று பத்மாவிடம்கூடச் சொல்லாமல் தண்ணீரோடு இருந்தாய். நான்காம் நாள் வந்து வாசலில் நின்றாய். "என் பக்கத்துக் கணக்கு தீர்ந்துடுச்சு. உன் பக்கத்தது உன் இஷ்டம். காபி இருக்குதா?"

காபி கொடுத்தேன். அதுதான் நான் கொடுத்தது.

என் கணவர் அதற்குப் பிறகு இருபது வருடம் ஆரோக்கியமாக இருந்தார். உன் மஞ்சள் கயிறு அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் இறந்த பத்தாம் நாள் விடியலில் என் நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்து, வளையலைக் கல்லில் மோதி உடைக்க ஓங்கினாள். நீ கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தாய். நெஞ்சில் இடி வாங்கிய ஒருத்தி கத்தினாள். என் கையில் சோப்பைத் தேய்த்து, வளையல்களை ஒவ்வொன்றாக உடையாமல் கழற்றினாய். வளைந்த விரலில் மட்டும் மாட்டியது. அங்கே நிதானமாகத் திருப்பி எடுத்தாய். பிறகு என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கூடத்தில் நிறுத்தினாய். "தூணுக்கு முன்னாடி நில்லு," என்றாய் என் காதில். கெட்டியாகப் பிடித்திருந்தாய். நகத்தடம் ஒரு வாரம் இருந்தது.

அன்றாவது சொல்லியிருக்கலாம். கடந்த ஆவணியில், உனக்குப் பேச்சு போன பிறகு, உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதாவது. அன்று நீ என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பத்மா அறையிலேயே இருக்கிறாளே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்று மாட்டுப் பொங்கல். மூன்று மணிக்குப் பத்மா வந்தாள், கரும்பும் மல்லாட்டையும் எடுத்துக்கொண்டு. சுவரில் தொங்கும் உடைந்த திரையைப் பார்த்தாள். "ஐயையோ, டிவி இன்னா ஆச்சு?"

"உடைச்சேன்."

"யாரு?"

"நான்தான். உக்காரு."

உட்கார்ந்தாள். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. "நீ கேட்ட நடிகை நடிகையே இல்ல. உங்கம்மா அன்னிக்கு நடிக்கவும் இல்ல. அந்தக் கை என்னோடது."

முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மாங்கல்யக் கதையைச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடாததால் அடித்தேன் என்று சொன்னேன். என் மருமகள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

"முப்பத்தாறு வருஷமா பாக்கறேன்," என்றாள் பத்மா. "என் புள்ளைங்களுக்குக் காட்டியிருக்கேன். எங்கம்மா எவ்ளோ நல்லா அழறாங்க பாருன்னு. ரத்தத்தைப் பாத்து, மேக்கப்னு சொல்லியிருக்கேன்." கரும்பைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். கணு தெறித்தது. இன்னொரு முறை அடித்தாள். அடுத்தது எனக்குத்தான் என்று நினைத்தேன்; கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் கை?"

நீட்டினேன்.

"இந்த வெரல் ஏன் இப்படி இருக்குது? கதவுல மாட்டினதுன்னு அம்மா சொல்வாங்க."

"உங்கம்மா ஒடைச்சது. அந்தப் படம் ஓடும்போதே. தியேட்டர்ல."

"எங்கம்மாவா?" என்றாள். "எறும்புக்கு வழி விடற எங்கம்மாவா?" அந்த முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நீ இடைவேளையில் சிரிக்கும் சிரிப்பு. பிறகு அழுதாள். என் விரலை எடுத்து, உடைந்த இடத்தைத் தேடிக் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தினாள். பலமாக அழுத்தினாள். வலி தோள்வரை ஏறியது. விடு என்று நான் சொல்லவில்லை.

காபி குடிக்காமல் போய்விட்டாள். மறுபடி வருவாளா என்று தெரியாது. கேட்கவில்லை.

மகன் புதுத் தொலைக்காட்சி வாங்கிவிடுவான். அந்தப் படமும் வரும். என் கையெழுத்துக்குக் கான்வென்ட்டில் பரிசு வாங்கினேன், நினைவிருக்கிறதா? அந்தப் பொங்கலுக்குப் பிறகு என் எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்துதான் விழுகிறது. இந்தக் கடிதமும் அப்படித்தான். படத்தில் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாய். நீ கேட்கவில்லை என்பதற்கு இந்த விரல் இருக்கிறது.